பன்னிரண்டு முதல் நாலு வரை

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2019 நவம்பர் வரை கடல் இருந்தது. செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது மாமல்லபுரம் அந்தப் பக்கம் போய்விட்டது. துறைமுகம் வைத்து ஆண்ட பல்லவர்களின் தலைநகருக்கு மிஞ்சியது ஏரிகள்தான். கடற்கரையில் காலாற நடக்கலாம் என்றேன் நான். காஞ்சிபுரம் என்றாள் மனைவி. மறுபடியும் கடல் தோற்றது.

சரி, அங்கேயும் காலாற நடக்கலாமே என்று கிளம்பினேன். அந்த ஊரில் சும்மா சுற்ற வந்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்டார்: "கல்யாணமா சார்?" என் தலை நரையைப் பார்த்துவிட்டு அவரே திருத்திக்கொண்டார்: "பொண்ணுக்கா?"

முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய மணற்கல் அற்புதம். கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி. தவழ்ந்து நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவி கிடையாது என்பார்கள். என் உடல்வாகுக்கு இன்னும் நாலைந்து பிறவி எடுப்பதே சௌகரியம் என்று ஒதுங்கி நின்றேன். மனைவி சரசரவென்று போய் வந்துவிட்டாள். ஏழு பிறவிக்கும் நீங்கள்தான் என்ற ஒப்பந்தம் அங்கேயே ரத்து.

வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை மணக்கும் குடலை இட்லி, மிளகும் சுக்குமாக. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டோம். ஊரிலேயே நிஜமான ஓய்வு அத்தி வரதருக்குத்தான். 2019இல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டு இந்தக் கோயில் குளத்துக்குள் போனவர், இனி 2059இல்தான் எழுந்து வருவார். இடையில் யாரும் அவரைப் புடவை பார்க்கக் கூப்பிட முடியாது.

மணி பன்னிரண்டு. நடை சாத்தினார்கள். வாசலில் அதே ஆட்டோ.

"வாங்க வேணாம் சார், தறிய மட்டும் பாத்துட்டுப் போங்க."

தறி பார்க்க வேண்டியதுதான். குழிக்குள் கால் விட்டு ஒருவர், பக்கத்தில் கரை நாடாவை எறிந்து கொடுக்க ஒரு பையன். உடல் அரக்கு, கரை பச்சை. ஒவ்வொரு இழைக்கும் மூன்று நாடா மாறி மாறி ஓட, இரண்டு நிறமும் சேரும் இடத்தில் நூலோடு நூல் கோத்துக்கொண்டு நிற்கிறது. இதுதான் கோர்வை. விரலால் தடவினால் மேடு தெரிகிறது. இத்தனை வேலைக்கு இந்த விலை குறைவுதான் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது மனைவியின் காதில் விழுந்தது.

அடுத்த கட்டடமே கடை. வெள்ளை மெத்தை, காபி, மின்விசிறி. "சும்மா பாருங்கம்மா" என்று மடிப்புக் கலையத் தொடங்கியது. வெளியே வந்தபோது ஏகாம்பரநாதர் கோயில் திறந்திருந்தது. என் பை காலியாக இருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கோயில்களில் மதியம் சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அந்த நேரத்தில் எங்கே உட்காருவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள். எங்கள் வீட்டில் அது முடிவாகித்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை.