பெரியப்பாவும் 948 சிசியும்

1950களின் கடைசியில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு ஒரு சங்கடம். அவர்களுக்கு கார் பாடி கட்டிக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான். முழு பாடியாக அடித்துத் தர ஆளில்லை. கல்யாணச் சமையலுக்குத் தெருவெல்லாம் பாத்திரம் இரவல் கேட்கிற மாதிரி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாக வாங்கி, தனிச் சேஸிஸ் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்து கொடுத்த அழகில் ஒட்டுவேலை வெளியே தெரியவில்லை. 1959இல் 948 சிசி டிரையம்ப் ஹெரால்டு பிறந்தது.

1961இல் மெட்ராஸுக்கு வந்ததும் டிரையம்ப் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. நாட்டில் ஓடியதே மூன்று ஜாதிக் கார். அம்பாசிடர் மிராசுதாருக்கு, பியட் டாக்டருக்கு, ஹெரால்டு கூலிங்கிளாஸ் போட்டவருக்கு. பெரியப்பாவிடம் கூலிங்கிளாஸ் மட்டும்தான் இருந்தது. மீதியை அவர் வாங்கி முடிப்பதற்குள் 1980களின் கடைசியில் கம்பெனியே படுத்துவிட்டது. அதற்கெல்லாம் அசருகிறவரா? 90களில் மெட்ராஸில் ஒரு பழைய இரண்டு கதவு ஹெரால்டைப் பேசி முடித்து, "சாயங்காலக் காபி சேலம் அஸ்தம்பட்டியில்" என்று பெரியம்மாவுக்கு போனும் போட்டுவிட்டார். பின்சீட்டில் நான்.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பெரியப்பாதான் நிறுத்தினார்.

முதல் நிறுத்தம் பெருங்களத்தூர். மூடிக் கிடந்த ஸ்டாண்டர்டு ஃபேக்டரியைப் பார்த்ததும் ஓரங்கட்டினார். மருமகளை மறுவீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாராம். அப்புறம் திண்டிவனம், விழுப்புரம் என்று டீக்கடை தென்பட்ட இடமெல்லாம் பானட் திறப்பு விழா. ஹெரால்டின் பானட், மட்கார்டு ஹெட்லைட் சகிதம் அப்படியே முன்னால் சாயும். இன்ஜினுக்கு இருபக்கமும் வெட்டவெளி. முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பார் பெரியப்பா. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி டிரைவர் இதைக் கேட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரோடு போய் டயர் மேல் உட்கார்ந்தார். டீ முடிந்தது. பீடியும் முடிந்தது. "அண்ணே, சீட்டு சூப்பருண்ணே. ஆனா கம்பெனி செத்துப்போச்சே, ஸ்பேருக்கு எங்க போவீங்க?" பெரியப்பா பானட்டைச் சாத்திய சத்தத்தில் கடை நாய் எழுந்து போனது.

கள்ளக்குறிச்சி வரை யாரும் யாரோடும் பேசவில்லை. ஆத்தூர் தாண்டி, ஜவ்வரிசி ஆலைகளின் புளிப்பு வாடை ஜன்னல் வழியாக ஏறியதும்தான் பெரியப்பாவுக்கு உயிர் வந்தது. "நம்ம ஊரு வந்துருச்சுடா!"

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நடுராத்திரி. வீட்டுக்குத் திரும்பாமல் ரவுண்டானாவையே சுற்ற ஆரம்பித்தார். இந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுமாம், ரவுண்டானா இதற்கு ரொம்பப் பெரிசாம். மூன்றாவது சுற்றில் போலீஸ்காரர் விசில் ஊதினார். நிறுத்தினோம். பக்கத்தில் வந்தவர், "ஹெரால்டா சார்?" என்றார். நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். பானட் திறக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பெரியம்மா பார்க்க வந்தார். "ஏங்க, பின்னாடி கதவு எங்க?"

"முன்சீட்டை மடக்கிட்டுக் குனிஞ்சு உள்ள போகணும். அதான் ஸ்டைலு."

"அப்ப உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போய் உக்கார வையுங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தார்.