ஒரே டேபிள் உத்தமர்

எந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலும் இவர் ஒருவர் இருப்பார். ஜவுளிக்கடை பில்லிங்கோ, சீட்டுக் கணக்கோ, கல்யாண மண்டப புக்கிங்கோ, எது வந்தாலும் இவர் போடுவது ஒரே டேபிள். "எதுக்கு சார் பத்து டேபிள்? எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தேட ஈஸிதானே?" டிசைன் மீட்டிங் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுவதால் மேனேஜருக்கு இவர்மேல் தனிப் பிரியம்.

முதலில் போன் நம்பரில் கைவைப்பார். நம்பர்தானே என்று அந்தக் கட்டத்துக்கு முழு எண்ணுக்கான 'இன்ட்' வகையைக் கொடுப்பார். மைஎஸ்க்யூஎல்லில் இன்ட்டின் உச்சவரம்பு 2147483647. நம் செல்போன் நம்பரோ 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். ஸ்ட்ரிக்ட் மோடை இவர் ஏற்கெனவே அணைத்து வைத்திருப்பதால், வரம்பைத் தாண்டிய எதையும் மைஎஸ்க்யூஎல் அந்த உச்சவரம்பாகவே மாற்றிப் பதிந்துகொள்ளும். கடையின் மொத்த வாடிக்கையாளர்களும் ஒரே நம்பரில் ஒற்றுமையாக வாழ்வார்கள்.

கடைக்காரர் கத்திய பிறகு, எதையும் எழுத்தாகப் பதியும் 'வார்கேர்' வரும். உடனே கமா போட்டு ஒரே கட்டத்தில் நாலு நம்பர் திணிக்க வழி பிறந்துவிடும்.

பெயரில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இரண்டும் கட்டாயம். எம். முருகனின் லாஸ்ட் நேம் எது என்று கவுன்ட்டர் பையன் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு புள்ளி வைத்து சேவ் செய்வான். தீபாவளி வாழ்த்து 'டியர் மிஸ்டர் .' என்று போகும். பிறந்த தேதிக்குப் பதில் வயதை வைத்திருப்பதால், அந்த முருகனுக்கு எத்தனை தீபாவளி போனாலும் 34தான்.

முகவரி ஒவ்வொரு பில்லிலும் தனித்தனியாக இருக்கும். தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு வீடு மாறியவரின் முகவரியைக் கடைசி பில்லில் மட்டும் திருத்துவார்கள். பார்சல் தாம்பரம் போகும்.

1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையிலேயே இந்தச் சிக்கலைப் பேசியிருக்கிறார். யாராவது அதை எடுத்துச் சொன்னால், "அப்ப டிஸ்க் விலை ஜாஸ்தி சார், இப்ப சல்லிசு" என்பார். காட்டின் கவலை டிஸ்க் விலை அல்ல. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று முரண்படுமே என்பது. அதைச் சொல்வதற்குள் இவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

சம்பளம் கூட்டி வேறு கம்பெனி கூப்பிட்டதும் பேப்பர் போடுவார். கடைசி வாரம் ஜூனியருக்கு வேலையை விளக்கிச் சொல்லும் கே.டி. கொடுக்க வேண்டும்.

"இந்த 'ஃப்ளாக்7' எதுக்குண்ணா?"

"அதைத் தொட்டுடாத தம்பி. ஜிஎஸ்டி ரிப்போர்ட்டே அதை நம்பித்தான் ஓடுது."

"அப்ப 'ஃப்ளாக்6'?"

"அது எதுக்குன்னு எனக்கே தெரியாது. அதையும் தொட்டுடாத."