அல்சூர்க் கேப்டன்

அசல் மாலுமி யார் என்ற கேள்விக்கு எங்கள் கேப்டன் சாரிடம் எக்காலத்திலும் விடை தயாராக இருக்கும். அந்த விடை மட்டும், அவர் அதுவரை எவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறாரோ அந்த எல்லையில் மிகத் துல்லியமாக வந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே, அலையோசை கேட்க வேண்டுமானால் சென்னைவரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பிரயாணம் செய்தாக வேண்டிய பெங்களூரில் இப்படியொரு பிரகிருதி எங்ஙனம் உற்பத்தியாகிறது என்று வெளியூர்ச் சிநேகிதர்கள் வியப்பதுண்டு. உள்ளூர்க்காரர்கள் வியப்பதில்லை. இங்கே அடுக்குமாடிக்கு ஒருவர் உண்டு. பக்கத்துக் கட்டடத்தாருக்கு மலையேறுகிறவர் வாய்த்தார், எதிர்க் கட்டடத்தாருக்கு சைக்கிள்காரர், எங்களுக்கு இவர்.

சாப்பர்ஸ் படையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் தயவால் அல்சூர் ஏரியில் முதன்முதலாகச் சிறு பாய்ப்படகின் சுக்கானைப் பிடித்த அன்று மாலையே, மிதிபடகில் ஏறுகிறவர்களும் பரிசலில் ஏறுகிறவர்களும் வெறும் பிரயாணிகள் என்றும், எதிர்க்காற்றில் இப்பக்கமும் அப்பக்கமுமாக மடங்கி மடங்கி முன்னேறத் தெரிந்தவனே மாலுமி என்றும் லிப்டில் வைத்து எனக்கு உபதேசம் செய்தார். சில மாதங்களில் கிருஷ்ணராஜ சாகரத்தின் அகன்ற நீர்ப்பரப்பில் ஒரு நாள் கழித்துவிட்டு வந்தார். உடனே, ஏரியில் படகு ஓட்டுவது தொட்டிலில் ஆடுவதற்குச் சமானம் ஆயிற்று. அதன்பின் மும்பையிலிருந்து கோவாவுக்கு நால்வராகப் பாய்விரித்துப் போனார்கள். அன்று நிர்ணயமானதுதான் இன்றுவரை நிலைத்திருக்கும் இலக்கணம்: கரையின் கடைசி விளக்கும் மறைந்தபின் நடுநிசிக் காவலில் நின்றவனே மாலுமி, மற்றவன் வாரக்கடைசிக்காரன். அந்த நடுநிசிகளில் பெரும்பகுதியை அவர் குப்புறப் படுத்தே கழித்தார் என்று, அவருடைய மனைவியார் வழியாக ஒரு பாடபேதமும் எங்கள் கட்டடத்தில் வழங்கிவருகிறது.

அவரைவிடக் குறைவாகப் போனவர்களைத் தள்ளுவது சுலபம். அதிகமாகப் போனவர்களைத் தள்ளும் இடத்தில்தான் அவருடைய மேதாவிலாசம் முழுவதும் பிரகாசிக்கிறது. அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, வழியில் எந்தத் துறைமுகத்திலும் ஒதுங்காமல் பூமியைப் பிரதட்சிணம் செய்துவிட்டு 2013 மார்ச்சில் திரும்பினாரே என்றால், “தனியா போறவனுக்கு என்ன சார்? கூட இருக்கறவங்களை அனுசரிச்சுப் போறதுதானே மாலுமிக்கு லட்சணம்!” என்பார். சரி, நம் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி, கேரளத்துத் தில்னாவுடன் ‘தாரிணி’யில் ஏறி, 2024 அக்டோபரில் கோவாவை விட்டு, ஹார்ன் முனையையும் சுற்றிக்கொண்டு 2025 மே மாதம் வந்து சேர்ந்தாரே என்றால், “ரெண்டு பேர்னா ஒருத்தர் தூங்கிக்கலாமே சார்” என்பார். ராணுவப் பொறியாளர்கள் 1985 முதல் 1987 வரை ‘திரிஷ்ணா’வில் உலகைச் சுற்றியதைப் பிரஸ்தாபித்தால், அது பட்டாளத்துக் கூட்டம் என்று முடித்துவிடுவார். ஒருவர் போனால் துணையில்லாத குறை, இருவர் போனால் துணை இருக்கிற குறை, பலர் போனால் கூட்டம். நால்வர் மட்டுமே சாஸ்திர சம்மதமான எண்ணிக்கை. வ.உ.சி.யைக்கூட அவர் விடவில்லை. 1906-ல் கம்பெனி கண்டு வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது மகத்தான காரியம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஒரு கணம் நிதானித்து, “ஆனா சுக்கானை அவர் பிடிக்கலையே?” என்றார்.

இவற்றையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஒன்றைத்தான் சிரிக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அதை வல்வெட்டித்துறைத் தமிழர்களே சூயஸ் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த வரலாற்றை நான் சற்று உணர்ச்சியோடு சொன்னபோது, கேப்டன் சார் காபியை ஆற்றிக்கொண்டே, “அவங்க கூலிக்குப் போனவங்க சார், அது தொழில்” என்று சொல்லிவிட்டார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சரக்கேற்றிப் போய்வந்த தூத்துக்குடித் தோணித் தண்டல்களும் இதே தீர்ப்பால் கரையேற்றப்பட்டார்கள். கைக்காசைச் செலவழித்து நனைகிறவன் மாலுமி, குடும்பத்துக்கு அரிசி வாங்க நனைகிறவன் வேலைக்காரன் என்ற இந்தச் சித்தாந்தம் எனக்கு அறவே பிடிக்கவில்லை. புயல் இருவரையும் விசாரித்துவிட்டா அடிக்கிறது?

எனினும் அவரைப் படகில் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிறு காலை என்னையும் ஏற்றிக்கொண்டார். பாயில் ஒட்டியிருந்த இரண்டு கம்பளி நூல்களும் படபடக்காமல் நேராகப் பின்னோக்கிப் பறக்கின்றனவா என்பதில் கண்ணை வைத்து, கயிற்றை விரலிடுக்கில் அங்குலம் அங்குலமாக விட்டும் இழுத்தும், ஏரி நடுவேயுள்ள தீவுத்திட்டின் மரங்கள் காற்றை மறைக்கும் இடம் வருவதற்குள்ளாகவே அதை உத்தேசித்து உடம்பைச் சாய்த்தும், அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போனார். அந்த அரைமணி நேரம் இலக்கணம் எதுவும் பிறக்கவில்லை. மனிதருக்குக் கை நன்றாகவே பழகியிருக்கிறது. கரையில் கால் பட்டதும், படகை இழுத்துவிட வந்த பையனிடம், “இந்த ஏரியில ஓட்டறவனெல்லாம் மாலுமியாடா?” என்று ஆரம்பித்துவிட்டார்.

கடலுக்குப் போய்வந்த பாயை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி உலர்த்தாவிட்டால் நாளாவட்டத்தில் வீணாகிவிடும் என்பது கோவா யாத்திரையில் அவர் கற்ற பாடம். ஆகவே ஞாயிறுதோறும் மொட்டைமாடிக் குழாயைத் திறந்துவிட்டு, அல்சூர் ஏரியில் விரித்த பாயை அரைமணி நேரம் அலசி, இருக்கிற நான்கு கொடிகளிலும் பரப்பி உலர்த்துகிறார். எங்கள் வேஷ்டிக்கும் போர்வைக்கும் திங்கட்கிழமைதான் இடம் கிடைக்கிறது. “ஏரித் தண்ணியில உப்பு ஏது சார்?” என்று கேட்டேன். “பழக்கம் விட்டுப் போயிடக் கூடாதில்ல? நாளைக்கே கடலுக்குக் கிளம்பணும்னா?” என்றார். மொட்டைமாடித் தொட்டி தண்ணீர் லாரியால் நிரம்புவது. இந்த மாத லாரிக் கணக்கு எல்லா வீட்டுக்கும் சமமாகவே பங்கிடப்பட்டிருக்கிறது.