ஆடியில் வாடகை இல்லை

எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகைகளை எண்ணினால் போதும், அந்த மாத வரவு செலவைச் சொல்லிவிடலாம். என் மனைவி தையல்கடை வைத்திருக்கிறாள். ஊரில் ஒரு கல்யாணம் என்றால் பத்து ஜாக்கெட் வரும், அது வரவு. அதே கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும், அது செலவு. இதில் அது கழிந்தபிறகு மிச்சம் நிற்பது கடை வாடகை ஒன்றுதான்.

குடியிருப்பு சாணார்பட்டியில். கடை, பஸ் ஏறிப் போகிற தூரத்தில், ஓர் உள்ளாட்சிக் கட்டடத்தில். நத்தம் பக்கமா, திண்டுக்கல் பக்கமா என்று கேட்காதீர்கள். அடுத்த மாதமும் அதே கவுன்டரில் போய் நின்றாக வேண்டியவன் நான். கடையில் தைப்பது அவள். கணக்கு எழுதுவது, வாடகை கட்டுவது, காஜா பட்டன் கட்டக் கொடுத்ததை வாங்கி வருவது எல்லாம் என் இலாகா.

கட்டட ஓனர் ஒரு மனுஷன் என்றால், தீபாவளிக்கு அவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை தைத்துக் கொடுத்து, "அடுத்த மாசம் சேத்துத் தந்துர்றேண்ணே" என்று இழுக்கலாம். உள்ளாட்சிக்கு எந்த அளவில் சட்டை தைப்பது?

மூன்று வருஷம் முடிந்தது என்று நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தில் இருப்பதுதான்: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏறும். கையெழுத்துப் போட்டவன் நானே. ஆனாலும் ஏதோ தெரியாத ஆள் என் பெயரில் போட்டுவிட்ட மாதிரி அதிர்ந்துபோனேன். 3,000 ரூபாய் வாடகை 3,450 ஆகிறது. 450 தானே என்று மூச்சு விட்டால், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 3,540 கட்டிக்கொண்டிருந்தவன் இனி 4,071 கட்ட வேண்டும். அதோடு போச்சா? டெபாசிட் என்பது பன்னிரண்டு மாத வாடகை. வாடகை ஏறினால் டெபாசிட்டும் ஏறும். 5,400 ரூபாய் உடனே. வாடகை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த 5,400 மட்டும் யார் ஞாபகத்திலும் இருக்காது. பெரிய மகளின் கம்மல் அடகுக்குப் போனது.

சட்டம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று கிளம்பினேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துப் பிரதி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அரசுக் கட்டடம், உள்ளாட்சிக் கட்டடம் எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆரம்பத்திலேயே போட்டிருந்தது. மிச்சப் பக்கங்கள் ஜாக்கெட் அளவு எழுத உதவின.

டீக்கடையில் இதைச் சொன்னதும், பக்கத்து உரக்கடைக்காரர், "மூணு வருசத்துக்கு ஒருக்கா பதினஞ்சுன்னு மண்டையில போடுறதுக்கு, வருசா வருசம் அஞ்சு அஞ்சா ஏத்துனா வலிக்காதுல்ல மாப்ள" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. டீக்கடைப் பேப்பரின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 3,000, இரண்டாம் வருஷம் 3,150, மூன்றாம் வருஷம் 3,307.50, நாலாம் வருஷம் 3,472.88. இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் கூடுதலாகக் கட்டிவிட்டு, நாலாம் வருஷமும் நம்மைவிட 22 ரூபாய் 88 காசு அதிகம். வட்டிக்கு வட்டி மாதிரி, ஏற்றத்துக்கு ஏற்றம். மொத்தமாக அடி வாங்குவதே லாபம் என்று நிரூபித்தேன். உரக்கடைக்காரர் டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

லண்டனில் இருக்கும் அக்காள் மகன் அன்று ராத்திரி போனில் வந்தான். போய் இருபது வருஷமாகிறது; அவன் இருப்பதும் அந்த ஊர்க் கவுன்சில் வீடுதான்.

"இங்கயும் ஏத்துவாங்க மாமா. ஏப்ரல் பொறந்தா ஏறிரும். செப்டம்பர்ல விலைவாசி எம்புட்டு ஏறுச்சோ, அதுக்கு மேல ஒரு சதவீதம் வரைக்கும்."

2022 செப்டம்பரில் அங்கே விலைவாசி 10.1 சதவீதம் ஏறிக் கிடந்தது. கணக்குப்படி 11.1 வரை ஏற்றலாம். அரசாங்கமே குறுக்கே வந்து, 7-க்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2023 ஏற்றத்தைக் கட்டிப்போட்டதாம். வெள்ளைக்காரனுக்கும் வாடகை என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும் போலிருக்கிறது.

பேச்சுவாக்கில் அவன் சொன்ன இன்னொரு சங்கதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே வாடகை வாரக் கணக்கு. சில கவுன்சில்களில் வருஷத்துக்கு இரண்டு வாரம், நாலு வாரம் வாடகையே கிடையாதாம், அதுவும் கிறிஸ்துமஸ் நேரத்தில்.

"சும்மாவாடா விடுறாங்க?"

"சும்மா எங்க மாமா. அம்பத்திரண்டு வாரக் காச அம்பது வாரத்துலயே வாங்கிருவாய்ங்க."

அப்படியே எழுந்து நோட்டை எடுத்தேன். தையல்காரிக்கு ஆடியும் மார்கழியும்தான் எமன். முகூர்த்தம் கிடையாது, ஜாக்கெட் கிடையாது. கிழிந்த பேண்ட்டுக்கு ஜிப் மாற்றித்தான் பொழுது போகும். ஆகவே எங்கள் கடையில் இனி ஆடிக்கும் மார்கழிக்கும் வாடகை கிடையாது! வருஷ வாடகை 48,852. பத்தால் வகுத்தால் 4,885 ரூபாய் 20 காசு. மாதம் 5,000 என்று வைத்து, 4,071-ஐக் கவுன்டரில் கட்டிவிட்டு, மீதி 929-ஐக் கவரில் போட வேண்டியது. அடுத்த ஏற்றத்துக்கான டெபாசிட் 6,210 வரும். அதை முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்தால் நாளைக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. அதற்கு ஒரு மண் உண்டியல்.

ஆவணியில் ஆரம்பித்தோம். கவர் அரிசி டின்னுக்குள் இருந்தது. கார்த்திகையில் என் சித்தப்பா மகன் வீடு பால்காய்ச்சினான். நம் வீட்டு விசேஷத்துக்கு அவன் எழுதியது மொய் நோட்டில் கண்ணைப் பறிக்கிறது. குறைத்து எழுத முடியுமா? கவர் மொய்க்குப் போனது. மார்கழி வாடகைக்கு மனைவி மகளிர் குழுவில் கைநீட்டினாள்.

தையிலிருந்து கவரைக் கடைக்கு மாற்றிவிட்டாள். தையல்கடைகளில் ஒரு மூலை உண்டு: தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள். எங்கள் கடையில் மூன்று வருஷத்து ஜாக்கெட்டெல்லாம் கிடக்கிறது. அதில் அடியில் கிடந்த ஒரு மஞ்சப்பைக்குள் கவர். திருடனே வந்தாலும் அந்த மூலையைத் தொடமாட்டான்.

ஆடி வந்தது. தை முதல் ஆனி வரை ஆறு மாதத்துக் காசு, 5,574 ரூபாய். மறுநாள் வாடகை கட்ட வேண்டும். மனைவி சாப்பிடப் போயிருந்தாள். ஓர் அம்மா வந்து ரசீதை நீட்டினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய ரசீது. தேடி எடுத்துப் பையோடு கொடுத்தேன்.

"நூத்தியெம்பதுதானே?"

"இப்ப இருநூத்தம்பதும்மா."

"தச்சது அப்பத்தானே?"

என்னிடம் பதில் இல்லை. இந்த வாதம் அந்தக் கவுன்டரில் நிற்கும்போது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

மனைவி வந்ததும் மூலையைப் பார்த்தாள். "அந்த மஞ்சப்பை எங்கங்க?"

செருப்பு போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கோபால்பட்டி வழி போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அந்த அம்மா.

"அம்மா, அந்தப் பைக்குள்ள ஒரு கவரு..."

"அதான பாத்தேன்! தைக்க மூணு வருசம் ஆக்குனதுக்கு நஷ்டஈடு குடுக்குறீகளோன்னு நெனச்சேன்."

கண்டக்டர் உட்படப் பாதி பஸ் சிரித்தது. கவரை ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கி எண்ணிக்கொண்டிருக்கும்போதே கை மறுபடி வெளியே வந்தது, மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையோடு.

"எந் தங்கச்சி கல்யாணத்துக்குத்தேன் இதைத் தைக்கக் குடுத்தது. இப்ப அவ மகனுக்குக் காதுகுத்து. ஆவணி மூணாந்தேதி. அக்காவையும் கூட்டிக்கிட்டு அவசியம் வந்துரணும்."

பஸ் கிளம்பிவிட்டது. ஒரு கையில் கவர், ஒரு கையில் பத்திரிகையோடு கடைக்குத் திரும்பினேன். மனைவி இரண்டையும் பார்த்தாள். முதலில் பத்திரிகையைத்தான் வாங்கிப் பிரித்தாள்.