ஆடிக் காற்றும் ஐந்து கிராம் பந்தும்

கேள்வி: காற்றாலை சுற்றும் எங்கள் ஊரில் ஷட்டிலைத் தட்டினால் பக்கத்துத் தெருவுக்கே போய்விடுகிறது. சர்வதேசப் போட்டிகளில் இந்தத் தொல்லையே கிடையாதா?
– வாசகர், திசையன்விளை

பதில்: அங்கும் உண்டு! 16 இறகுகள் செருகிய அந்தப் பந்தின் எடை சுமார் 5 கிராம்தான். அதன் வழியை மாற்ற ஆடிக் காற்று எதற்கு, ஏ.சி. காற்றே போதும். அதனால்தான் உள்ளரங்கில் ஆடினாலும் ஒவ்வொரு கேமுக்குப் பிறகும் பக்கம் மாறுகிறார்கள். மூன்றாவது கேமில் நடுவிலேயே ஒருமுறை மாறுகிறார்கள். காற்று எந்த அணியிலும் சேர்ந்துவிடக் கூடாதல்லவா!

திறந்தவெளிக்கென்றே உலக பேட்மின்டன் சம்மேளனம் 2019-இல் ஏர்பேட்மின்டன் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. நம்மவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கம்பளி நூல் பந்தில் பூப்பந்து ஆடிக் காற்றை ஜெயித்துவிட்டார்கள்.

உள்ளரங்க ஆட்டத்திலும் நம்மவர்கள் சளைத்தவர்கள் அல்ல. 2024 பாரிஸ் பாராலிம்பிக் பேட்மின்டனில் ஒரே பிரிவில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள். இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். இப்படிப்பட்ட திறமை எந்த ஊரிலும் பிறக்கும். அது காற்றோடு மல்லுக்கட்டாமல் வளர, கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டும் தூரத்தில் ஓர் உள்ளரங்கமும் நல்ல பயிற்சியாளரும் வேண்டும். அரசும் ஊர்ப் பெரியவர்களும் கூரை போடட்டும். பதக்கத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்!