எட்டு மணி நேர நீர்வழி

எண்பதுகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்குக் கேரளத்துக் காயல் என்றால் செங்கோட்டையிலிருந்து மலையேறும் மீட்டர்கேஜ் ரயில்தான் முதலில் நினைவுக்கு வரும். குகைகளில் புகுந்து, பதின்மூன்று கண் பாலத்தில் ஊர்ந்து, அது ஒருவழியாகக் கொல்லத்தில் இறக்கிவிட்டால், சீனரும் அரபியரும் மிளகு தேடி வந்த துறைமுகமாயிற்றே என்று கடற்கரையைச் சுற்றிவிட்டு, மறுநாள் காலை ஆலப்புழைக்குப் படகேறுவோம். எட்டு மணி நேரம். காரில் இன்று இரண்டு மணி நேரத்து வழி.

அந்த எட்டு மணி நேரமும் எனக்குப் பொக்கிஷம். நீரில் ஊறும் தேங்காய்மட்டையின் வாடை கரைக்குக் கரை கூடவே வரும். ராட்டையில் கயிறு திரிக்கும் பெண்கள் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். காயல் முடியவே கூடாது என்று வேண்டிக்கொள்ளும் வயது அது. உங்களுக்கும் அப்படியொரு பயணம் இருந்திருக்கும்.

ஆலப்புழையில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய துறைமுகம் ஓய்ந்துபோய், கடற்பாலத்தின் இரும்புத் தூண்கள் மட்டும் அலையில் நின்றன. ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கெட்டுவள்ளங்கள் கொச்சிக்கு நெல் சுமந்த காலமும் முடிந்துகொண்டிருந்தது. சாலையும் லாரியும் அவற்றின் பிழைப்பைப் பறித்திருந்தன. தொண்ணூறுகளில் அதே வள்ளத்துக்குப் படுக்கையறை வைத்து, பிறகு குளிர்சாதனமும் பொருத்தி, சுற்றுலாவுக்கு விட்டார்கள். அழிய இருந்த தச்சுக்கலை பிழைத்தது. படகுகள் பெருகப் பெருகக் காயலில் டீசல் படலமும் கழிவும் பெருகின. இரண்டும் உண்மை.

வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே எழுபதுகளில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணையும் அப்படித்தான். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களை உப்புநீரிலிருந்து அது காத்தது. ஆனால் உப்பேறினால் கருகிவிடும் ஆகாயத்தாமரைக்கும் அதுவே காவலாகிவிட்டது. மீன்களின் போக்குவரத்தும் தடைப்பட்டது.

கொச்சியிலும் இதே மாற்றம்தான். மட்டாஞ்சேரியில், 1568இல் எழுந்த யூதர் ஆலயத்துக்குப் போகும் தெருவில், மிளகு வியாபாரிகள் ஒரு கூடத்தில் கூடி விலையைக் கத்திக் கத்திப் பேரம் பேசுவார்கள். அந்தக் கூச்சல் கணினிக்குள் அடங்கிவிட்டது. சுக்கு மணத்த கிடங்குகள் பலவும் பழம்பொருள் கடைகளாயின. வைப்பின் தீவுக்காரர்கள் எறணாகுளம் போக நெரிசலான படகுகளில் பட்ட பாட்டுக்கு 2004இல் வந்த கோஸ்ரீ பாலங்கள் முடிவுகட்டின. அந்தப் பாலங்களை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். 2023 முதல் ஓடும் வாட்டர் மெட்ரோவும் சுத்தமானது, வேகமானது; கண்ணாடி மூடிய குளிரறைக்குள் காயலின் காற்று மட்டும் வருவதில்லை. பெரியார் போராடிய வைக்கத்திலிருந்து 2017 முதல் அக்கரைக்குச் சூரிய மின்படகு போகிறது. இரைச்சல் இல்லாமல் அது நீரைக் கடப்பதைக் கண்டபோது, பழைய படகோடு நான் இழந்ததாக நினைத்தவற்றில் ஒன்று, நீரின் சத்தம், திரும்பக் கிடைத்தது.

ஆலப்புழைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஹவுஸ்போட்டுக்குப் பணம் கட்டுமுன், பேருந்து நிலையத்தை ஒட்டிய படகுத்துறையில் கோட்டயம் போகும் அரசுப் படகுக்குச் சீட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைகளும் ஏறி இறங்கும் அந்தப் படகுக்கு ஆள் குறைந்தால், அதை நிறுத்திவிடுவார்கள்.