பிறக்காத 21,049 பேர்

'பத்திரம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று பாதுகாப்பு, மற்றொன்று காகிதம். நம் வங்கிகளுக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அப்பா போய்விட்டார். போவதற்கு முன் உயில் எழுதி, பன்னிரண்டு லட்ச ரூபாயை மகளுக்காக டிரஸ்டாக வைத்து, மனைவியை டிரஸ்டி ஆக்கியிருக்கிறார். மகளுக்குப் பதினெட்டு ஆகும்வரை பணம் பத்திரமாக இருந்தால் போதும் என்று அந்த அம்மா வங்கிப் படியேறுகிறார்.

இறப்புச் சான்றிதழ் எங்கே? வாரிசுச் சான்றிதழ்? உயிலின் அசல்? டிரஸ்டுக்கு பான் கார்டு? ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் பின்னால் இருக்கிறது, இதில் எது உங்கள் பெண்? கடைசியாக, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" இருந்தவர்தான் செத்துப்போனார், ஐயா. அதற்கான சான்றிதழ்தான் உங்கள் மேசையில் நாலு நாளாக ஃபேன் காற்றில் படபடக்கிறது.

இந்தக் கேள்விக்கு வம்சாவளியே உண்டு. 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மைனர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். பெற்றவள் கையெழுத்து போதாது, தகப்பன் கையெழுத்து கொண்டுவா என்றது ரிசர்வ் வங்கி. அப்பாவுக்குப் 'பிறகு' அம்மா என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்ததாம். அந்தப் 'பிறகு'க்கு அவர் சாகும்வரை காத்திரு என்று அர்த்தமில்லை என உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் 1999 வந்துவிட்டது.

டிரஸ்டி பணத்தை எங்கே போடலாம் என்பதற்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. ரங்கூன் நகரத்துக் கடன் பத்திரம், கராச்சித் துறைமுகத்துக் கடன் பத்திரம் எல்லாம் அதில் உண்டு. கராச்சி 1947இல் வேறு நாடானது. பட்டியலைத் திருத்தியது 2016இல். கப்பல் போய் எழுபது வருடம் ஆகப்போகிறதே என்றுகூடப் பார்க்காமல் துறைமுகத்தில் நின்றிருக்கிறது நம் சட்டம்.

காகிதமெல்லாம் சரியானதும் மேலாளர் முகத்தில் திடீரென்று பாசம் பொங்குகிறது. "எஃப்.டி.யெல்லாம் இப்ப யாரும்மா போடறாங்க? மார்க்கெட்டோட சேர்ந்த இன்ஷூரன்ஸ் ஒண்ணு இருக்கு." அதில் ஐந்து வருடம் பணத்தைத் தொட முடியாது. பெண் கல்லூரி வாசலில் நிற்கப்போவது மூன்றே வருடத்தில். அதனால் என்ன? மேலாளருக்கு இலக்கு இந்த மார்ச் மாதத்துக்குள்.

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா காத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஃபைனான்ஸில் லட்சத்துக்கு மாதம் எட்டாயிரமாம். குத்துவிளக்கேற்றித் திறந்த கடையாம், ஏமாற்ற மாட்டார்களாம்!

வேண்டாம், வங்கியே போதும் என்கிறார் அம்மா. போதுமா? ஒரு வங்கி கவிழ்ந்தால் அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதுவும் 1993 முதல் 1 லட்சமாகவே கிடந்தது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடங்கி, ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி முதலில் அறிவித்து, போட்டவர்கள் தெருவில் நின்று கதறிய பிறகுதான் 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆயிற்று.

அந்த வங்கி எப்படிக் கவிழ்ந்தது? ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு வாரிக் கொடுத்த கடனை மறைக்க 21,049 போலிக் கணக்குகளைக் காட்டினார்கள் என்கிறது போலீஸ் வழக்கு. இருபத்தோராயிரத்து நாற்பத்தொன்பது பேர்! ஒருவரும் பிறக்கவே இல்லை. ஒருவருடைய இனிஷியலும் இடறவில்லை. ஒருவரிடமும் வீட்டில் ஆம்பளை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா, கமிஷன் கிடைக்காத காரணத்தால் எந்தக் கவுன்டரிலும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று அரசு வங்கிகளில் நான்கு நான்கு லட்சமாக மூன்று வருட வைப்பு போடுங்கள். இன்றைய வட்டியில் ஒவ்வொன்றும் ஐந்தைத் தாண்டாது. டிரஸ்டியாக நீங்கள் போடும் பணத்துக்கு, உங்கள் சொந்தக் கணக்கோடு சேராத தனிக் காப்பீடு உண்டு. சேமிப்புக் கணக்கிலேயே போட்டு மறந்துவிடாதீர்கள், பெரிய வங்கிகளில் அதற்கு வட்டி 2.5 சதவீதம்தான்.

மூன்று வருடம் கழியும். பிறந்தநாள் வாழ்த்து என்று பெண்ணின் போனுக்கு வங்கியே குறுஞ்செய்தி அனுப்பும். அவள் பணத்தைக் கேட்டுப் போய் நிற்பாள். புதுப் புகைப்படம், புதுக் கையெழுத்து, புது கே.ஒய்.சி. நீதான் நீ என்பதற்கு என்னம்மா அத்தாட்சி?

பாவம், அவள் பிறந்துவிட்டாள்.